கழற்றி எடுக்கப்பட்ட அரண்மனைகள்

1865ஆம் ஆண்டில் சியோல் நகரின் மேற்குப் பகுதியில் இருந்த ஓர் அரண்மனையைத் தச்சர்கள் பிரிக்கத் தொடங்கினார்கள். ஓடுகளை இறக்கினார்கள், உத்தரங்களைக் கழற்றினார்கள், தூண்களைச் சாய்த்தார்கள். இதைச் செய்யச் சொன்னது எதிரிப் படையல்ல, கொரியாவை ஆண்டுகொண்டிருந்த ஜோசொன் அரசமரபேதான். கியோங்போக்குங் என்ற தன் முதல் அரண்மனையை மீண்டும் எழுப்புவதற்காக, கியோங்ஹுயிகுங் என்ற இன்னொரு அரண்மனையிலிருந்து அது மரமும் கல்லும் சேர்த்துக்கொண்டிருந்தது. 45 ஆண்டுகளில் அந்த அரசமரபின் ஆட்சி முடிந்தது. அதையொட்டிய சில ஆண்டுகளில், அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய கியோங்போக்குங்கும் அதே முறையில் பிரிக்கப்பட்டு ஏலத்தில் போனது.

ஜோசொன் வீழ்ந்த கதையை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் உடன்படிக்கைகளையும் போர்களையும் அரசவைக் கோஷ்டிகளையும் வைத்துச் சொல்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. அரசர் எந்த ஆண்டில் எந்த மாளிகையில் உறங்கினார், அதை யார் கட்டினார்கள், எது எரிந்தது, எது எவர் கைக்குப் போனது என்று பார்த்துக்கொண்டே போனால் அதே கதை வேறொரு தெளிவோடு விரிகிறது. கொரிய அரண்மனைகள் மரத்தால் ஆனவை. கோத்துக் கட்டியவை, அதனால் கழற்றவும் கூடியவை. அவற்றைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்த அந்த எளிமைதான் கடைசியில் அவற்றைத் தடமில்லாமல் அகற்றவும் வழிசெய்தது.

அரண்மனைகள்

இ சொங்-கே என்ற படைத்தலைவர் 1392இல் கொரியோ அரசைக் கவிழ்த்து ஜோசொன் மரபைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் தலைநகர் இன்றைய சியோலான ஹன்யாங்குக்கு மாறியது. 1395இல் கியோங்போக்குங் எழுந்தது. அதன் திட்டத்துக்கும் பெயருக்கும் பின்னால் இருந்தவர் ஜொங் தோ-ஜொன் என்ற கன்பூசிய அறிஞர். முதுகுக்குப் பின்னால் மலை, கிழக்கே மூதாதையர் கோயில், மேற்கே மண்ணுக்கும் தானியத்துக்கும் உரிய பலிபீடம், நடுவே அரண்மனை என்று அவர் நகரை அமைத்தார். தெற்கு வாயிலில் நுழைந்து நேராக நடந்தால் அடுத்தடுத்து இரண்டு வாயில்கள், பிறகு அரியணை மண்டபம், அரசர் அன்றாடம் அமைச்சர்களைச் சந்திக்கும் கூடம், அரசரின் உறைவிடம், அரசியின் உறைவிடம் என எல்லாம் ஒரே கோட்டில் வரும். அரசர் நெறிப்படி நடப்பவர், அவர் வீடும் நேர்கோட்டில் நிற்கவேண்டும் என்பது கருத்து.

அந்த நெறி அரசகுடும்பத்தைக் கட்டிப்போடவில்லை. 1398இல் இ சொங்-கேயின் மகன்களுக்குள் மூண்ட வாரிசுச் சண்டையில் ஜொங் தோ-ஜொன் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற இளவரசர் தேஜோங் என்ற பெயரில் அரசரானதும், 1405இல் கிழக்கே சாங்தொக்குங் என்ற இரண்டாவது அரண்மனையைக் கட்டினார். இங்கே நேர்கோடு கிடையாது. குன்றின் சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே கட்டடங்களும் திரும்பி நிற்கின்றன. பின்புறம் பரந்த காட்டுத் தோட்டம். அரசர்கள் இந்த அரண்மனையைத்தான் அதிகம் விரும்பினார்கள்.

1592இல் ஜப்பானின் ஆட்சித்தலைவர் ஹிதெயோஷி அனுப்பிய படை கொரியாவில் இறங்கியபோது அரசர் சொன்ஜோ தலைநகரை விட்டு வடக்கே ஓடினார். அதுவரை கட்டப்பட்டிருந்த அரண்மனைகள் எல்லாம் எரிந்தன. போர் முடிந்த பிறகு சாங்தொக்குங் மறுபடி எழுந்தது, கியோங்போக்குங் எழவில்லை. நாட்டின் முதல் அரண்மனை இருந்த இடம் 270 ஆண்டுகளுக்கு மேல் புல்லும் தூண் அடிக்கற்களுமாகக் கிடந்தது. இடையில் குவாங்ஹேகுன் என்ற அரசர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் மேற்கே இரண்டு புதிய அரண்மனைகளைக் கட்டினார். அவர் ஆட்சி கவிழ்ந்ததும் அவற்றில் ஒன்றான இன்கியோங்குங்கைப் பிரித்து, சாங்தொக்குங்கைச் செப்பனிட எடுத்துக்கொண்டார்கள். சாங்தொக்குங்கில் இன்றும் நீலநிற ஓடு வேய்ந்த ஒரு மண்டபம் நிற்கிறது. கொரிய அரண்மனைக் கட்டடங்களில் நீல ஓட்டோடு எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1647இல் இன்கியோங்குங்கிலிருந்து கழற்றி வந்து இங்கே நிறுத்தியது அது.

கோத்த மரம்

இப்படிக் கழற்றி மாட்ட முடிந்ததற்குக் காரணம் தச்சுமுறை. செதுக்கிய கருங்கல் மேடைமேல் அடிக்கல், அதன்மேல் செம்பைன் தூண், தூண்களை இணைக்கும் உத்தரங்கள், தூண் தலையில் அடுக்கடுக்காக வெளியே நீளும் போதிகைக் கொத்து, அதன்மேல் கைமரங்கள் என்று சட்டகம் ஏறிக்கொண்டே போகும். இதன் முதன்மை மூட்டுகளில் ஆணி இல்லை. ஒரு மரத்தின் கழுந்து அடுத்ததன் துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். கைமரங்களின் மேல் மண்ணைக் கனமாகப் பரப்பி ஓடு பதிப்பார்கள். அந்தப் பாரம் மூட்டுகளை அழுத்தி இறுக்குகிறது. சுவர் வெறும் தடுப்பு மட்டுமே. கூரையைத் தாங்குவது தூண்கள். அளவுக்கும் தூண்தான் அடிப்படை. நான்கு தூண்களுக்கு நடுவே அடங்கும் பரப்பு ஒரு ‘கான்’. அரசரல்லாதவர் வீடு எவ்வளவு பெரிதானாலும் 99 கானைத் தாண்டாது என்று கொரியாவில் சொல்வது வழக்கம்.

கியோங்போக்குங்கின் அரியணை மண்டபமான குன்ஜொங்ஜொன்னைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இந்தக் கட்டடக்கலையின் நுணுக்கம் பிடிபடும். முற்றம் முழுக்க மேற்பரப்பு இழைக்காத கருங்கல் பலகைகள் பாவியிருக்கும். வழவழப்பாக இருந்தால் வெயில் கண்ணைக் கூசவைக்கும், மழையில் கால் வழுக்கும். கற்களுக்கு நடுவே ஆங்காங்கே இரும்பு வளையங்கள் உண்டு. விழா நாளில் பந்தல் கயிறு கட்டுவதற்கு. நடுப்பாதையின் இருபுறமும் பதவி பொறித்த சிறு கற்கள் வரிசையாக நிற்கும். எந்த அதிகாரி எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தக் கற்கள் முடிவுசெய்தன. வெளியிலிருந்து பார்த்தால் கூரை இரண்டு அடுக்கு. உள்ளே போனால் இடையில் தளமே இல்லாமல் ஒரே உயரமான வெளி. அரியணைக்குப் பின்னால் சூரியனும் சந்திரனும் ஐந்து சிகரங்களும் தீட்டிய திரை. அரசர் எங்கே அமர்ந்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் இந்த ஓவியம் இருக்கவேண்டும்.

அரசரும் அரசியும் உறங்கும் மாளிகைகளின் கூரையில் மற்றவற்றில் உள்ள தடித்த முகட்டு வரி இருக்காது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். அங்கே தரைக்கு அடியில் அடுப்புப் புகை ஓடும் ஒண்டோல் வழிகள் உண்டு. குளிர்காலத்தில் தரையே சூடாகும். அந்தப் புகையைத் தொலைவில் கொண்டுபோய் வெளியேற்ற, அரசியின் மாளிகைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் அறுகோண வடிவச் செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. பூவும் பறவையும் விலங்கும் பதித்த அவை தோட்டத்துக்கு அழகு சேர்க்க வைத்த சிற்பங்கள் போலவே தோன்றும்.

மரவீட்டில் தரைக்கு அடியிலேயே நெருப்பு. எனவே தீயைப் பற்றிய அச்சம் அரண்மனையின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். மண்டப மேடைகளில் தண்ணீர் நிரப்பிய பெரிய உலோகக் கொப்பரைகள் வைக்கப்பட்டன. கூரை விளிம்பில் தீமையை விரட்டும் சுடுமண் உருவங்கள் வரிசைகட்டின. 48 கல்தூண்கள் மேல் நிற்கும் கியோங்ஹேரு விருந்து மண்டபத்தைச் சுற்றியுள்ள குளத்தில், தீயை அடக்குவதற்காக வெண்கல டிராகன்கள் இரண்டை மூழ்கடித்தார்கள். 1997இல் குளத்தை வற்றவைத்தபோது அவற்றில் ஒன்று கிடைத்தது. 2001இல் குன்ஜொங்ஜொன் கூரையைப் பழுதுபார்த்தபோது முகட்டுக்கடியில் ஒரு தாள் அகப்பட்டது. டிராகனைக் குறிக்கும் சீன எழுத்தைப் பொடியாக ஆயிரம் தடவை எழுதி, அவற்றைக்கொண்டே ‘தண்ணீர்’ என்ற பெரிய எழுத்தை உருவாக்கியிருந்தார்கள்.

தேவொன்குன்னின் கணக்கு

அந்த டிராகன்களையும் தாளையும் வைத்தவர்கள் 1860களின் கட்டடக்காரர்கள். அவர்களை வேலைக்கு அமர்த்தியவர் ஹுங்சொன் தேவொன்குன். 1863இன் இறுதியில் வாரிசில்லாமல் அரசர் இறந்தபோது, தூரத்து உறவுக் கிளையைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அரியணைக்கு வந்தான். அவன்தான் பிற்காலத்தில் கோஜோங் என்று அறியப்பட்ட அரசர். தேவொன்குன் அவனுடைய தந்தை. அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளாக அரசர்கள் பெயருக்கு இருந்தார்கள். பெண் கொடுத்த குடும்பங்களே ஆட்சி நடத்தின. ஆந்தொங் கிம் குலம் அவற்றில் முதன்மையானது. வரிக்கொடுமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1862இல் தெற்கு மாகாணங்கள் முழுக்கக் கலகம்.

தேவொன்குன் ஒரு சீர்திருத்தக்காரர். கிம் குலத்தின் பிடியைத் தளர்த்தினார். உயர்குடியினர் வரி ஏய்ப்புக்குப் பயன்படுத்திவந்த கன்பூசியக் கல்விக்கோயில்களில் பெரும்பாலானவற்றை மூடினார். பாழடைந்து கிடந்த முதல் அரண்மனையை எழுப்பிக் காட்டினால் அரசமரபின் மதிப்பு தானாக மீளும் என்று நம்பினார். 1865இல் அரசமாதாவின் ஆணையாக அந்த அறிவிப்பு வெளிவந்தது.

பணத்துக்கு எங்கே போவது? முதலில் ‘விருப்ப நன்கொடை’ வந்தது. விரும்பாதவர்களிடமும் அது வசூலிக்கப்பட்டது. தலைநகர வாயில்களில் சுங்கம் வைத்தார்கள். 1866இல் கட்டுமானத் தளத்தில் தீப்பிடித்துக் குவித்துவைத்திருந்த மரங்கள் சாம்பலாயின. தேவொன்குன் நிறுத்தவில்லை. உயர்குடிக் குடும்பங்களின் இடுகாடுகளைச் சூழ்ந்து வளர்ந்திருந்த பழமையான மரங்களும் வெட்டப்பட்டன. முன்னோர் கல்லறையைக் காக்கும் மரம் கொரிய உயர்குடிக்குக் குலமானம். அதில் கைவைத்ததை அவர்கள் மறக்கவில்லை.

அதே 1866இல் பிரெஞ்சுக் கப்பற்படை காங்ஹ்வா தீவைத் தாக்கியது. அங்கிருந்த அரச நூலகத்திலிருந்து ஏடுகளை அள்ளிச் சென்றது. படைச்செலவும் கட்டடச்செலவும் சேர்ந்துகொள்ள, அரசு ஒரு புதிய செப்புக்காசை வெளியிட்டது. அதன் முகமதிப்பு வழக்கமான காசைப்போல் நூறு மடங்கு. அதிலிருந்த உலோகத்தின் மதிப்போ ஐந்தாறு மடங்குதான். விளைவு உடனே தெரிந்தது. நல்ல காசு பதுங்கியது, அரிசி விலை இரண்டு ஆண்டுகளுக்குள் பல மடங்கு ஏறியது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் காசு அடிப்பதை நிறுத்தினார்கள். ஆனால் அரசின் நாணயத்தின்மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது.

1868இல் அரசகுடும்பம் கியோங்போக்குங்குக்குக் குடிபுகுந்தது. 7,000 கானுக்கு மேற்பட்ட அந்த அரண்மனை, 1395இல் கட்டப்பட்டதைவிடப் பன்மடங்கு பெரியது. அதே ஆண்டிலேயே சொ இக்-ஹியொன் என்ற அறிஞர் கட்டட வேலையையும் புதுக்காசையும் வாயில் சுங்கத்தையும் நிறுத்தச் சொல்லி அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். 1873இல் அவர் மீண்டும் எழுதியபோது அதைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்துவிட்ட கோஜோங்கும் அரசியின் மின் குலத்தாரும் தேவொன்குன்னை அதிகாரத்திலிருந்து இறக்கினார்கள். அரசமரபின் பெருமையை மீட்கக் கட்டிய கட்டடமே, அதைக் கட்டியவரை வெளியேற்றும் குற்றப்பத்திரிகையாயிற்று.

இடம்பெயர்ந்துகொண்டே இருந்த அரசர்

கோஜோங் அந்த அரண்மனையில் நிலைத்து வாழவே முடியவில்லை. 1873 இறுதியில் அங்கே பெருந்தீ. 1876 பிப்ரவரியில் ஜப்பானின் போர்க்கப்பல்கள் வற்புறுத்தக் காங்ஹ்வா உடன்படிக்கை கையெழுத்தாகித் துறைமுகங்கள் திறந்தன. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது பெருந்தீ 830 கான் அளவு கட்டடங்களைக் கொண்டுபோனது. அரசர் சாங்தொக்குங்குக்குப் பெயர்ந்தார்.

அங்கேயும் அமைதி இல்லை. 1882இல், மாதக்கணக்கில் சம்பளம் பாக்கியிருந்த படைவீரர்களுக்குக் கடைசியில் அளந்த அரிசியில் மணலும் உமியும் கலந்திருந்தன. கலகம் வெடித்து வீரர்கள் சாங்தொக்குங்குக்குள் புகுந்தார்கள். அரசி மாறுவேடத்தில் தப்பினார். கலகத்தை அடக்க வந்த சீனப்படை தேவொன்குன்னைப் பிடித்துத் தியான்ஜினுக்குக் கொண்டுபோனது. 1884 டிசம்பரில், புதிய அஞ்சலகத் திறப்பு விருந்தில் இளம் சீர்திருத்தவாதிகள் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றார்கள். ஜப்பானியக் காவலோடு அரசரைப் பக்கத்திலிருந்த சிறு மாளிகைக்கு மாற்றினார்கள்; சீனப்படை அரண்மனைக்குள்ளேயே சண்டையிட்டு மூன்றாம் நாள் அதை முடித்துவைத்தது. அரசரின் முற்றத்தில் இரண்டு அந்நியப் படைகள் மோதிக்கொண்டன.

1885இல் கோஜோங் கியோங்போக்குங்குக்குத் திரும்பினார். அரண்மனையின் வடகோடியில் கொன்சொங்குங் என்ற உள்வளாகத்தை முன்பே கட்டியிருந்தார். அரச மாளிகைகளுக்கே உரிய பச்சை, சிவப்பு வண்ணப்பூச்சு அங்கே இல்லை. உயர்குடியின் வீடுபோலவே இருக்கும். 1887இல் கொரியாவின் முதல் மின்விளக்குகள் அங்கேதான் எரிந்தன. எடிசன் நிறுவனத்தின் பொறி, பக்கத்துக் குளத்து நீரில் ஓடியது. சாங்தொக்குங்கிலிருந்த சீனபாணி நூலக மண்டபம் ஒன்றையும் 1891இல் கழற்றிவந்து இங்கே நிறுத்தினார். புதியதை ஏற்கவும் பழையதை விடாமலிருக்கவும் பார்த்த ஓர் அரசரின் மனத்தை அந்த மூலை காட்டுகிறது.

1894 ஜூலை 23 விடியலில் ஜப்பானியப் படை கியோங்போக்குங்குக்குள் நுழைந்து அரசரைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது. இரண்டு நாளில் சீனாவோடு போர் தொடங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 8 அதிகாலையில், ஜப்பானியத் தூதர் மியுரா கோரோவின் ஏற்பாட்டில் வாளேந்திய கும்பல் கொன்சொங்குங்குக்குள் புகுந்தது. ரஷ்யாவின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அரசியை வெட்டிக் கொன்று, உடலைப் பக்கத்துத் தோப்பில் எரித்தது. அரண்மனைக் காவலோடு இருந்த ரஷ்யக் கட்டடக்கலைஞர் சபாதின் அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர். மியுராவும் கூட்டாளிகளும் ஹிரோஷிமாவில் விசாரிக்கப்பட்டு, போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள்.

1896 பிப்ரவரி 11 அதிகாலை, அரண்மனைப் பெண்கள் பயணிக்கும் பல்லக்குகளில் மறைந்து கோஜோங்கும் பட்டத்து இளவரசரும் வெளியேறினார்கள். நேராக ரஷ்யத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கொரிய அரசு அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றிலிருந்து நடந்தது. அதற்குப் பிறகு எந்த அரசரும் கியோங்போக்குங்கில் குடியிருக்கவில்லை. இவ்வளவு செலவில் எழுந்த அரண்மனைக்கு அரசர் வாழும் வீடாக வாய்த்த காலம் 30 ஆண்டுகளுக்கும் குறைவு, அதிலும் இடையிடையே ஆளில்லாத ஆண்டுகள்.

தூதரகங்களின் நடுவே ஒரு பேரரசு

1897 பிப்ரவரியில் தூதரகத்தை விட்டு வெளியே வந்த கோஜோங், அமெரிக்க, பிரிட்டிஷ், ரஷ்யத் தூதரகங்களுக்கு நடுவே இருந்த ஓர் எளிய அரண்மனையைத் தேர்ந்தெடுத்தார். இன்று தொக்சுகுங் என்று அறியப்படுவது அது. அக்டோபர் 12 அன்று தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். சீனத் தூதர்கள் தங்கிவந்த மாளிகை இருந்த இடத்தில் வானத்துக்குப் பலியிடும் மேடையைக் கட்டியே அந்த முடிசூட்டு நடந்தது. அதுவரை வானத்துக்குப் பலியிடும் உரிமை சீனப் பேரரசருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

புதிய பேரரசுக்கேற்ற அரியணை மண்டபம் 1902இல் தொக்சுகுங்கில் எழுந்தது. ஜுங்ஹ்வாஜொன் என்ற அந்த மண்டபத்துக்கும் கியோங்போக்குங்கைப் போலவே ஈரடுக்குக் கூரை. படிக்கட்டுக் கல்லில் அரசருக்குரிய பீனிக்ஸுக்குப் பதிலாகப் பேரரசருக்குரிய டிராகன். 1904 ஏப்ரலில், ரஷ்ய-ஜப்பானியப் போர் தொடங்கி இரண்டு மாதமான நிலையில், அரசரின் உறைவிடத்தில் பிடித்த தீ அரண்மனையின் பெரும்பகுதியை விழுங்கியது. 1906இல் மண்டபத்தை மறுபடி கட்டியபோது கூரை ஓரடுக்காகக் குறைந்தது. கீழே பழைய கல்மேடை அதே அகலத்தில் விரிந்திருக்க, மேலே சின்ன மண்டபம். பேரரசின் நிதிநிலை எந்த அளவுக்கு இறங்கிவிட்டது என்பதை இன்றும் அங்கே போய் நின்றால் கண்ணால் அளந்துகொள்ளலாம்.

அதன் பக்கத்திலேயே நிற்கிறது ஐரோப்பிய பாணியில் கட்டிய சொக்ஜோஜொன். ஆங்கிலேயர் ஹார்டிங் வரைந்த திட்டம். அயோனியத் தூண்கள், கருங்கல் சுவர், மூன்று தளம். நாடு நவீனமாகிவிட்டது என்று அயல்தூதர்களுக்குக் காட்ட 1900இல் வேலை தொடங்கியது. முடிந்தது 1910இல். அந்த ஆண்டு ஆகஸ்டில் வரவேற்பதற்குப் பேரரசே இல்லை.

இடையில் நடந்தவற்றுக்கும் இந்த வளாகமே மேடையானது. 1905 நவம்பரில், ஜப்பானியப் படை சூழ்ந்து நிற்க, ஏகாதிபத்திய நூலகமாகக் கட்டிய ஜுங்மியோங்ஜொன் என்ற செங்கல் கட்டடத்தில் வெளியுறவு உரிமையை ஜப்பானிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. கோஜோங் ஒப்புதல் தரவில்லை. 1907இல் ஹேகில் நடந்த அமைதி மாநாட்டுக்கு மூன்று தூதர்களை இரகசியமாக அனுப்பினார். மாநாடு அவர்களை உள்ளே விடவில்லை. ஜப்பான் அதையே காரணம் காட்டி அவரைப் பதவியிறக்கியது. மகன் சுன்ஜோங் பேரரசராகிச் சாங்தொக்குங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே அரியணை மண்டபத்தில் செங்கல் தரையை எடுத்துவிட்டுப் பலகை பதித்தார்கள், மின்விளக்கும் திரைச்சீலையும் தொங்கவிட்டார்கள். 1910 ஆகஸ்ட் 22 அன்று சாங்தொக்குங்கின் சிறு கூடம் ஒன்றில் கூடிய கடைசி அமைச்சரவை, நாட்டை ஜப்பானோடு இணைக்கும் முடிவுக்கு இசைந்தது. ஒரு வாரம் கழித்து அது வெளியில் அறிவிக்கப்பட்டது. 27 அரசர்கள், 518 ஆண்டுகள்.

விற்பனைக்கு வந்த மண்டபங்கள்

காலனி அரசு அரண்மனைகளை ஒரேயடியாக இடித்துத் தள்ளவில்லை. அதைவிடத் திறம்பட, ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றியது. சாங்கியோங்குங் என்ற இன்னொரு அரண்மனையில் 1909இலேயே மிருகக்காட்சிசாலையும் தாவரத் தோட்டமும் திறந்தாயிற்று. 1911இல் அதன் பெயரிலிருந்த ‘அரண்மனை’ போய்ப் ‘பூங்கா’ ஆனது. கியோங்ஹுயிகுங்கில் எஞ்சியிருந்ததை அகற்றி ஜப்பானிய மாணவர்களுக்குப் பள்ளி கட்டினார்கள். அதன் அரியணை மண்டபம் ஒரு பௌத்தக் கோயிலுக்கு விற்கப்பட்டது. இன்று தொங்குக் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. அதன் வாயில் 1932இல் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியின் நினைவாகக் கட்டிய கோயிலுக்குப் போனது. பிறகு ஓர் ஓட்டலின் நுழைவாயிலாகி, 1988இல்தான் திரும்பியது. கோஜோங் பேரரசரான பலிமேடையை 1913இல் இடித்து ரயில்வே ஓட்டல் கட்டினார்கள்.

கியோங்போக்குங்கில் கட்டடங்கள் ஏலம் போயின. மாளிகைகளைப் பிரித்து வீடுகளுக்கும் கோயில்களுக்கும் உணவகங்களுக்கும் விற்றார்கள். வாங்கியவருக்குச் சிரமமில்லை, கழற்றி எடுத்துப் போய்க் கோத்துக்கொண்டால் போதும். வெற்றிடமான நிலத்தில் 1915 இலையுதிர்காலத்தில், ஜப்பானிய ஆட்சியின் ஐந்தாண்டு நிறைவையொட்டிப் பொருட்காட்சி நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். பட்டத்து இளவரசரின் உறைவிடமான ஜாசொன்தாங்கை ஒகுரா என்ற ஜப்பானியத் தொழிலதிபர் பிரித்துத் தோக்கியோவுக்குக் கப்பலேற்றித் தன் வளாகத்தில் நிறுத்திக்கொண்டார். 1923இன் பெருநிலநடுக்கத் தீயில் அது எரிந்தது. வெந்து சிதைந்த அடிக்கற்கள் மட்டும் 1990களில் சியோலுக்குத் திரும்பின. புதிய கட்டடத்தைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. அரண்மனையின் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

1917 நவம்பரில் சாங்தொக்குங்கில் பெருந்தீ. பெயரளவுக்கு அங்கே வாழ்ந்துகொண்டிருந்த சுன்ஜோங்கின் உறைவிடம் எரிந்தது. மறுபடி கட்ட மரம் வேண்டும் என்றதும் காலனி அதிகாரிகள் கியோங்போக்குங்கைப் பார்த்தார்கள். அரசர் உறைந்த காங்னியோங்ஜொன்னும் அரசி உறைந்த கியோதேஜொன்னும் பிரிக்கப்பட்டு, 1920இல் சாங்தொக்குங்கில் வேறு பெயர்களில் எழுந்தன. அரசரின் கூடத்துக்கு முன்னால் மோட்டார் வண்டி வந்து நிற்க முகப்பு, உள்ளே கண்ணாடிச் சன்னல், நாற்காலி, சரவிளக்கு. எல்லாவற்றையும் மாற்றியவர்கள் கூரையின் பக்கச் சுவர்களை விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் ‘காங்’, மறுபக்கம் ‘நியோங்’ என்று பழைய மாளிகையின் பெயர் செங்கல் எழுத்துகளாக இன்னும் இருக்கிறது.

1926இல் குன்ஜொங்ஜொன்னுக்கு நேர்முன்னே, குவிமாடம் கொண்ட தலைமை ஆளுநர் மாளிகை பத்தாண்டு வேலைக்குப் பிறகு திறக்கப்பட்டது. நகரிலிருந்து பார்த்தால் இனி அரியணை மண்டபம் தெரியாது. தெற்கு வாயிலான குவாங்ஹ்வாமுன்னையும் இடிப்பதாக இருந்தார்கள். யனகி முனேயோஷி என்ற ஜப்பானியக் கலைச் சிந்தனையாளர் 1922இல் அதை எதிர்த்து எழுதிய கட்டுரை பெரும் அதிர்வை ஏற்படுத்தியது. வாயில் தப்பியது, ஆனால் கழற்றிக் கிழக்குச் சுவரோரம் தள்ளிவைக்கப்பட்டது. சுன்ஜோங் அந்த 1926 ஏப்ரலில் இறந்தார்.

எந்த அரண்மனையை மீட்பது?

விடுதலைக்குப் பிறகும் ஆளுநர் மாளிகை அரை நூற்றாண்டு நின்றது. கொரிய அரசு அதைத் தலைமைச் செயலகமாகவும் பின்னர் தேசிய அருங்காட்சியகமாகவும் பயன்படுத்தியது. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று அதன் கோபுர உச்சியை இறக்கி இடிக்கத் தொடங்கினார்கள். கொரியப் போரில் எரிந்த குவாங்ஹ்வாமுன்னை 1968இல் பார்க் சுங்-ஹீ அரசு கான்கிரீட்டில் கட்டியிருந்தது. அதுவும் அரண்மனையின் பழைய நேர்கோட்டுக்கு ஒத்துவராமல் ஆளுநர் மாளிகையின் கோட்டில் நின்றது. அதை இடித்துவிட்டு மரத்தில், பழைய இடத்தில் 2010இல் கட்டி முடித்தார்கள். புதிய பெயர்ப்பலகை மூன்றே மாதத்தில் வெடித்து, மரம் போதுமான அளவு உலரவில்லையா என்று நாடே விவாதித்தது.

1990இல் தொடங்கிய மீட்புத் திட்டத்தால் முதல் இருபது ஆண்டுகளில் கோஜோங் காலத்துக் கட்டடங்களில் ஏறக்குறைய கால்பங்கை மட்டுமே நிறுத்த முடிந்தது. மீட்பவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் 1395இன் அரண்மனை அல்ல, தேவொன்குன் கட்டியது. அதற்குத்தான் வரைபடமும் படமும் அளவுக் குறிப்பும் இருக்கின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அரசர், அரசியின் மாளிகைகளுக்குரிய 1860களின் உண்மையான மரம் சாங்தொக்குங்கில் நிற்கிறது. அங்கே அது கடைசிப் பேரரசர் வாழ்ந்து இறந்த வீடாக, பாதுகாக்கப்பட்ட சின்னமாக வேறொரு வரலாற்றைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. 1997இல் அந்த அரண்மனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. கழற்றி வந்தால் அந்த வரலாறு அறுபடும். ஆகவே கியோங்போக்குங்கில் 1995இல் அவ்விரண்டையும் புதிய மரத்தில் கட்டினார்கள். பழைய பெயரோடு புது மாளிகை ஓரிடத்தில், பழைய மரத்தோடு வேறு பெயர் கொண்ட மாளிகை இன்னோரிடத்தில்.

இந்த வேலைக்கான சான்றுகளும் சிதறியே கிடந்தன. குவாங்ஹ்வாமுன்னின் பெயர்ப்பலகை வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து என்று நம்பி 2010இல் மாட்டினார்கள். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த 1890களின் புகைப்படம் ஒன்று அதைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. பிறகு தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இருந்த, 1865இன் கட்டுமான நாட்குறிப்பு கவனத்துக்கு வந்தது. எந்த மரம் எங்கிருந்து வந்தது, யார் எவ்வளவு கொடுத்தார், எந்தப் பலகைக்கு என்ன நிறம் என்றெல்லாம் தேவொன்குன்னின் ஆட்கள் அதில் எழுதிவைத்திருந்தார்கள். பலகை கருப்பு, எழுத்து பொன் என்று அது சொன்னது. 2023 அக்டோபரில், வாயிலுக்கு முன்னால் டிராம் தண்டவாளத்தின் அடியில் புதைந்திருந்த கல்மேடையைத் தோண்டி மீட்டு, அதோடு சேர்த்துப் புதிய பலகையையும் திறந்துவைத்தார்கள். தண்டவாளத் துண்டுகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அரண்மனையின் மீதிப் பகுதிக்கான வேலை 2045 வரை திட்டமிடப்பட்டிருக்கிறது.